சும்மாதான் போகிறோம்

மெட்ராஸிலிருந்து வந்த துணிக்கட்டுக்குள் அந்தத் தாள் எப்படி வந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. என் கணவர் தேரடித் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். கட்டைப் பிரித்தபோது புடவை மடிப்புகளுக்கு நடுவில் கிடந்ததாம். பளபளவென்று வழுக்குகிற தாள். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, சாப்பிட உட்காருவதற்கு முன்பே கூடத்துத் தரையில் விரித்துக் காட்டினார்.

கடற்கரையோரமாக ஒரு ராட்டினம். எங்கள் ஊர்த் திருவிழாவில் கையால் தள்ளிச் சுற்றுகிற நாலு பெட்டி ராட்டினம் இல்லை. தென்னை மரங்களெல்லாம் அதன் காலடியில் புல் மாதிரி தெரிந்தன. பக்கத்தில் ஒரு குட்டி ரயில், படகு விடுகிற குளம், ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடிகள் வைத்த அறை. கீழே ஓரமாகக் கூரை போட்ட சின்னச் சின்ன வீடுகள் வரிசையாக இருந்தன.

"அங்கயே தங்கலாமாம்" என்றார் என் கணவர்.

"யார் வூட்ல?" என்று கேட்டார் அண்ணி.

அண்ணி என்பது என் கணவரின் அக்கா. கல்யாணமாகிப் போன கொஞ்ச காலத்திலேயே தனியாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். புருஷன் எங்கோ போய்விட்டான் என்பதைத் தவிர அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை கிடைத்தபின் காலையில் போய் மதியத்துக்கு மேல் வருவார். மற்ற நேரமெல்லாம் வீடு, கொல்லையில் கட்டியிருந்த மாடு, என் மகள். மகளுக்கு அப்போது எட்டு வயது.

"யார் வூடும் இல்லக்கா. வாடகைக்கு விடறாங்க. நம்ம முன் ரூம நாம விடற மாதிரி."

"சொந்தக்காரங்க இல்லாத ஊர்ல, கோயில் சத்திரமும் இல்லாம, போயி தங்கறதா?" அண்ணி தாளைக் கையில் எடுக்கவில்லை. ஆனால் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்பா, இந்தக் கண்ணாடி ரூம்ல போனா இன்னா பண்ணணும்?"

"பாக்கணும், அவ்ளோதான்."

"பாத்துட்டு?"

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பார்த்துவிட்டு என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

எங்கள் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பினால் அது கல்யாணத்துக்காக இருக்கும், சாவுக்காக இருக்கும், இல்லை என்றால் ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ இருக்கும். கோயிலுக்குக்கூட அதிகம் போனதில்லை. மலையே வீட்டு வாசலில் நிற்கும்போது வேறெங்கே போவது? பௌர்ணமிக்கு ஊர் ஊராக ஜனங்கள் எங்கள் ஊருக்கு வருவார்கள். கடல் கடந்தும் வருவார்கள். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் இருந்த எங்கள் வீட்டின் முன் அறையில் அப்போது ஓர் அமெரிக்காக்காரர் குடியிருந்தார். வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் நாங்கள். கிளம்பிப் போகிறவர்களாக எங்களை நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அதனால் முதல் சிக்கல் கடையில் லீவு கேட்கும்போதே வந்தது. முதலாளி "என்ன விசேஷம்?" என்று கேட்டிருக்கிறார். "சும்மாதான் போறோம்" என்று சொல்ல என் கணவருக்கு வாய் வரவில்லை. "மெட்ராஸ்ல ஒரு வேலை இருக்கு, குடும்பத்தோட போகணும்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் எதிர்வீட்டு அம்மா சாத்துக்குடிப் பழங்களோடு வந்து என் மாமனாரின் எதிரில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த டாக்டருங்க? பெரிய ஆஸ்பத்திரியா?"

மாமா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். மெட்ராஸுக்குக் குடும்பத்தோடு போகிறார்கள் என்றால் வீட்டில் மூத்தவருக்குத்தான் ஏதோ வந்துவிட்டது என்று தெருவே முடிவு கட்டியிருந்தது.

அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். "யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. சும்மா போறாங்க. ராட்டினம் சுத்த."

"ராட்டினமா? அதுக்கா மெட்ராஸு?" எதிர்வீட்டு அம்மா நம்பவில்லை. மாமாவின் நாக்கு வெளுத்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போனார். பழங்களைத் திரும்பக் கேட்கவில்லை.

அன்றைக்கு ஒரு விஷயம் என் காதில் தங்கியது. அண்ணி "போறோம்" என்று சொல்லவில்லை. "போறாங்க" என்றார். நாங்களும்தான் அவரைச் சேர்த்து நினைக்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், மாடு இருக்கிறது, அதனால் அண்ணி இருப்பார். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை.

மாமாதான் எங்களுக்கு வழிகாட்டி என்று இருந்தோம். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரிலிருந்து செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக மெட்ராஸுக்குப் போய்த் திரும்புகிற வண்டியை வருஷக்கணக்காக ஓட்டியவர். அந்தச் சாலையில் எந்தப் புளியமரம் எந்த வளைவில் நிற்கிறது என்று சொல்லுவார். சாயங்காலமானால் என் மகள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் மடியில் ஏறிவிடுவாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கேட்பேன்.

"தாத்தா, கடல் எவ்ளோ பெருசு?"

"நம்ம ஏரி இல்ல? அது மாதிரி ஒரு நூறு."

"தண்ணி சுடுமா?"

"வெயில் ஜாஸ்தியா இருந்தா சுடும்."

"ராட்டினத்து மேல இருந்து பாத்தா நம்ம மலை தெரியுமா?"

"தெரியாம? மழை பேஞ்சு வானம் வெளுத்திருந்தா நல்லாவே தெரியும்."

அண்ணி திண்ணையிலோ கூடத்திலோ வந்து உட்காரமாட்டார். அடுப்படி வாசலில் நின்றபடி கேட்பார். "உள்ள போனா எந்தப் பக்கமா சுத்தணும்? மலை சுத்தறாப்ல வலப்பக்கமாவா?" "நடுவுல பசிச்சா?" "மழை வந்தா ராட்டினத்துல இருக்கறவங்கள இறக்கிடுவாங்களா, அப்படியே விட்டுடுவாங்களா?" மாமாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஆனால் அவர் பேச்சில் ராட்டினம் ஒருநாள் வாசலை ஒட்டி இருந்தது. இன்னொருநாள் கடைசியில், கடலை ஒட்டி இருந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. பெரியவரிடம் எப்படிக் கேட்பது?

இதற்கிடையில் அண்ணி தன் பள்ளிக்கூடத்தில் விசாரித்திருக்கிறார். தலைமை ஆசிரியை ஒரு தடவை அங்கே போய் வந்தவராம். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"உள்ள சோறு எடுத்துட்டுப் போவக் கூடாதாம்."

நாங்கள் எல்லோரும் அதிர்ந்துபோனோம். புளிசாதம் எவ்வளவு கட்டுவது, இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி எடுத்துப் போகலாமா என்பதுதான் அதுவரை நாங்கள் உருப்படியாகப் போட்ட திட்டமே.

"சோறு கொண்டு வராதேன்னு சொல்றதுக்கு அவங்க யாரு?" என்றார் மாமா. "நான் அங்க எத்தினி தடவ பாத்திருக்கேன், ஜனங்க மணல்ல உக்காந்து பொட்டலத்தப் பிரிச்சி சாப்புடுவாங்க."

அண்ணி அவரைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "நைனா, நீங்க கடலப் பாத்திருக்கீங்களா?"

மாமா என் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"வாசன வரும்" என்றார். "பஸ் ஸ்டாண்டுல வண்டிய நிறுத்துனா, காத்து அந்தப் பக்கம் இருந்து அடிச்சா, உப்பு வாசன வரும். இறங்கி நடந்தா பக்கந்தான்னு சொல்லுவாங்க. நான் சீட்டுலயே படுத்துத் தூங்கிடுவேன். தூங்கலன்னா திரும்ப ஓட்ட முடியுமா? வண்டியில அம்பது பேர் இருப்பாங்க."

"அப்போ இத்தினி நாளா சொன்னதெல்லாம்?" என்று என் மகள்தான் கேட்டாள்.

"நீ கேட்ட, நான் சொன்னேன்" என்றார் மாமா. அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக ஒரு விடுதலையும் தெரிந்தது. அன்றிலிருந்து அவரும் எங்களோடு சேர்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். கடல் இரவிலும் அடித்துக்கொண்டே இருக்குமா, இல்லை நின்றுவிடுமா என்பது அவருடைய கேள்வி. எங்களில் யாருக்கும் தெரியாது.

இந்த மாதிரி இடங்களைத் தெரிந்தவர் ஒருவர் வீட்டிலேயே இருந்தார். முன் அறை அமெரிக்காக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வேட்டி கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஆசிரமத்துக்குப் போய் உட்காருவார். வந்து அறைக்குள் உட்காருவார். தொந்தரவு செய்யக் கூடாது என்று வந்த அன்றே சொல்லியிருந்தார். நான் கல்லூரியில் ஒரு வருஷம் படித்தவள். அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, அண்ணி பின்னால் நிற்க, ஒருநாள் கதவைத் தட்டினேன். அவருடைய நாட்டில் இதைப்போல் ரொம்பப் பெரிய இடங்கள் உண்டாமே, போயிருக்கிறாரா என்று கேட்டேன்.

தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். போயிருக்கிறாராம். சின்ன வயதில் அப்பாவோடு, காரில், ரொம்ப தூரம்.

"அங்க இன்னா இருந்துதுன்னு கேளு" என்றார் அண்ணி.

கேட்டேன். அவர் யோசித்தார். நின்றதுதான் நினைவிருக்கிறது என்றார். ஒவ்வொன்றுக்கும் வரிசை. மணிக்கணக்கில் வரிசை. ஏறியதெல்லாம் மறந்துவிட்டது. வரிசையில் நிற்கும்போது அப்பா பேசிக்கொண்டே வந்தார். வீட்டில் அவர் பேசவே மாட்டார். அப்பாவின் சின்ன வயசுக் கதையெல்லாம் அந்த ஒரு நாளில்தான் தெரிந்தது என்றார். பிறகு எங்களிடம் கேட்டார், இந்த மலையைப் பார்ப்பதற்காக நான் உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்திருக்கிறேன், நீங்கள் ஏன் இதைவிட்டு அங்கே போகிறீர்கள் என்று. குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் தமிழில் சொன்னதும் அண்ணி தயங்கவே இல்லை. "அவரு அதப் பாத்துட்டு இதப் பாக்க வந்தாரு. இவங்க இதப் பாத்தாச்சு, அதப் பாக்கப் போறாங்கன்னு சொல்லு."

நான் சொன்னேன். அவர் அண்ணியைப் பார்த்துக் கைகூப்பினார். அண்ணி சட்டென்று உள்ளே போய்விட்டார்.

மே மாதம் போவதாக இருந்தது. பள்ளிக்கூடம் லீவு, கடை முதலாளியும் லீவு தருவதாகச் சொல்லியிருந்தார். கூரை வீடு ஒன்றுக்குச் சொல்லியும் வைத்தாகிவிட்டது. கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மகளுக்கு உடம்பு கொதித்தது. மறுநாள் முதுகில் முத்து முத்தாகக் கிளம்பியது. அம்மை.

வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிக்கிற வேலை நின்றது. அம்மை இறங்கும்வரை பயணம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றார் மாமா. முன் அறைக்காரரிடம் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன். எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில்லை என்பதால் அண்ணி என்னைக் கிட்டே விடவில்லை. பாய், வேப்பிலைக் கொத்து, இளநீர், கூழ் எல்லாம் அவர் பொறுப்பு. நான் நிலைப்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன்.

ஒரு மத்தியானம் அப்படிப் போனபோது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. மகள் சொறிய வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தாள் போலிருக்கிறது. அண்ணி வேப்பிலையால் தடவிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல வாசல்ல டிக்கெட்டக் கிழிச்சி உள்ள வுடுவாங்க. நேரா ராட்டினத்துக்குத்தான். நானும் நீயும் ஒரே பெட்டியில உக்காருவோம். உங்கம்மா வரமாட்டா, அவளுக்குத் தலை சுத்தும். நான் உன் இடுப்பப் புடிச்சிக்குவேன். நீ கம்பியப் புடிச்சிக்கோ."

"அப்புறம்?"

"அப்புறம் மேல போவும். மேல போயி நிக்கும். நின்ன உடனே நான் கண்ணத் தொறந்து பாப்பேன்."

"நான் மூடவே மாட்டேன்."

"நீ மூடாத. நான் மொதல்ல மூடிக்குவேன்."

நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். கொல்லையில் மாட்டின் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொல்லும் கதையில் யாரும் தன் கண்ணை எப்போது திறப்பது என்றெல்லாம் யோசித்து வைத்திருக்க மாட்டார்கள்.

மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு என் கணவர் திரும்பவும் பேச்சை எடுத்தார். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, இனிமேல் காலாண்டுப் பரீட்சை லீவில்தான் என்றார். அண்ணி இரவுச் சமையலுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணியும் வர்றாங்க" என்றேன்.

என் கணவர் நிமிர்ந்தார். அண்ணி நிமிரவில்லை. "எனக்கு இன்னாத்துக்கும்மா? நீங்க போயிட்டு வாங்க."

"எனக்கு ராட்டினம்னா தலை சுத்தும். உங்க தம்பிக்கு அதுக்கு மேல. பொண்ணு கூட யார் ஏறுவாங்க?"

கத்தி கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அண்ணி கேட்டார்: "மாட்டுக்கு?"

வரமாட்டேன் என்று சொல்லவில்லை. மாட்டைப் பற்றித்தான் கேட்டார். எனக்கு அது போதும்.

மாமா உடனே, "நான் இருக்கேன், அவ போவட்டும்" என்றார். அதற்கு அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "கடலப் பாக்காதவரு நீங்கதான். நீங்க போவலன்னா நானும் போவல." இப்படி ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்தே பயணம் நின்றுவிடும் போலிருந்தது. மறுநாள் நான் முன் அறைக் கதவைத் தட்டினேன். மாட்டுக்கு இரண்டு வேளை வைக்கோலும் தண்ணீரும் காட்ட முடியுமா என்று கேட்டேன். கேட்டபின் எனக்கே பயமாக இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. வந்ததிலிருந்து அந்த மாட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசையாம். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையாம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து அண்ணி அவருக்குப் பாடம் நடத்தினார். ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லாமல், கையைப் பிடித்து, தவிட்டுத் தண்ணீரைக் கலக்கக் காட்டி, பின்னால் போனால் உதைக்கும் என்று தன் காலையே உதைத்துக் காட்டி. பால் கறக்கும் வேலையை எதிர்வீட்டு அம்மா ஏற்றுக்கொண்டார். மாமாவுக்கு நோய் இல்லை என்று அதற்குள் அவருக்கு நம்பிக்கை வந்திருந்தது. "ராட்டினம் சுத்தறதுக்கு டாக்டர் சீட்டு வேணாம்ல" என்று சிரித்தார்.

பஸ்ஸில் மாமா டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தரையை மிதித்தது. செஞ்சிக் கோட்டையை அண்ணி ஜன்னல் பக்கம் சாய்ந்து, அது கண்ணைவிட்டு மறையும்வரை பார்த்தார். தாம்பரத்தில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போகும் வேறு பஸ் பிடித்ததும் மாமாவின் பேச்சு நின்றுவிட்டது. அவருக்குத் தெரிந்த சாலை அங்கே முடிந்தது. மற்றவர்களைப்போல் அவரும் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார்.

எங்களுக்குத் தந்த கூரை வீட்டில் ஒரு பையன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். யாரும் வாசலில் நின்று "வாங்க" என்று சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. நாங்கள் உள்ளே போவதா வேண்டாமா என்று பைகளோடு நின்றோம். அண்ணிதான் முதலில் உள்ளே போய், மூலைகளைப் பார்த்துவிட்டு, அந்தப் பையனைக் கூப்பிட்டுத் துடைப்பம் கேட்டார். அவன் திகைத்துப்போய் எடுத்து வந்து கொடுத்தான். பெருக்கி முடித்ததும், "இப்ப வாங்க" என்று எங்களை அழைத்தார். அதற்குப் பிறகுதான் அது தங்குகிற இடம் மாதிரி இருந்தது.

மாமா அதற்குள் காணாமல் போயிருந்தார். தேடிக்கொண்டு சவுக்குத் தோப்பைத் தாண்டினால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்றிருந்தார். எதிரில் கடல். நான் அதைப் படங்களில் நீலமாகவே பார்த்திருந்தேன். அன்று அது பழுப்பும் பச்சையுமாக, எங்கோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வானத்தோடு ஒட்டிக்கொண்டு, ஓயாமல் கிட்டே வந்து உடைந்தது. நூறு ஏரி என்று அவர் சொன்னது ரொம்பக் கம்மி.

"இது இவ்ளோ சத்தம் போடும்னு யாருமே சொல்லலியே" என்றார் மாமா.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து வந்தார். கண்ணாடி அறை, குட்டி ரயில் எதையும் அவர் பார்க்கவில்லை. கண்ணாடி அறையில் என் கணவர் பானை மாதிரி வீங்கித் தெரிந்ததைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் அங்கே தெரிந்துவிட்டது. ஒன்றும் செய்யவேண்டியதில்லை. அடுத்த கண்ணாடிக்குப் போகவேண்டியதுதான்.

ராட்டினத்தில் அண்ணியும் மகளும் ஏறினார்கள். நான் கீழே நின்றேன். அண்ணி புடவைக் கொசுவத்தை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பெட்டி நகர்ந்ததும் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டார். உச்சிக்குப் போய் நின்றபோது என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ரொம்ப உயரம். ஆனால் இறங்கும்போது "அம்மாடியோவ்!" என்று ஒரு கூச்சல் வந்தது. மகளுடையது என்று நினைத்தேன். இல்லை. அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய்ப் பத்து வருஷத்தில் அண்ணியின் குரல் அவ்வளவு சத்தமாக எழும் என்று எனக்குத் தெரியாது.

இறங்கியதும் மகளுக்கு ரயில்தான் வேண்டும். அவளை அப்பாவோடு அனுப்பிவிட்டு அண்ணி மறுபடியும் போய் வரிசையில் நின்றார். துணைக்கு நானும் போய் நின்றேன். வரிசை நீளம். வெயில் முதுகில் அடித்தது.

"மலை தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் தெரியல. பனைமரந்தான். ஆனா ரோடு தெரிஞ்சுது. எறும்பு மாதிரி பஸ்ஸு போவுது." கொஞ்சம் நகர்ந்தோம். அண்ணி முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்தபடியே பேசினார். "அவரு ஒரு தடவ மெட்ராஸ் கூட்டினு போறேன்னு சொன்னாரு. கல்யாணம் ஆன புதுசுல. கடல் பாக்கலாம், ரெண்டு நாள் தங்கலாம்னாரு. நான் பையெல்லாம் கட்டி வெச்சிட்டுப் படுத்தேன். காலையில எழுந்து பாத்தா அவரு இல்ல. அவரோட துணி மட்டும் பையில இருந்து எடுத்திருந்துது. என் துணிய அப்படியே மடிச்சி வெச்சிட்டுப் போயிருந்தாரு."

நான் அவரை இன்னும் ஒட்டி நின்றேன்.

"மடிப்பு கலையல. அதான் ஆச்சரியம். எத்தினியோ நாளு யோசிச்சிருக்கேன், போறவரு இன்னாத்துக்கு மடிப்பு கலையாம எடுத்தாருன்னு." அவர் குரலில் அழுகை இல்லை. உண்மையிலேயே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் இருந்தது. "அப்புறம் யாராவது ஊருக்குப் போலாம்னு சொன்னா எனக்குப் பை கட்டப் புடிக்காது."

"இந்தத் தடவை கட்டினீங்களே அண்ணி."

"எங்க கட்டுனேன்? உம் பொண்ணு துணியோட சேத்து வெச்சிட்டேன்."

வரிசை நகர்ந்தது. இரும்புக் கதவு திறந்தது. "வரியா?" என்று கேட்டார். தலை சுற்றும் என்று தெரிந்தே ஏறினேன். மேலே போய் நின்றபோது நான்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, இதோ நம்ம கூரை, அதோ நைனா, இன்னும் உக்காந்துதான் இருக்காரு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கியதும் எனக்கு வாந்தி வந்தது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடல் இரவிலும் நிற்பதில்லை என்று மறுநாள் காலை மாமா எங்களுக்குச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பியபோது மாடு நன்றாக இருந்தது. எங்கள் வாடகைக்காரர் அதற்குத் தினமும் வாழைப்பழம் கொடுத்துப் பழக்கியிருந்தார். அதற்குப் பிறகு பல நாள் அது வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெருவில் ஒவ்வொருவராக வந்தார்கள். வெளியூர் போய்வந்தால் பிரசாதம் கொடுப்பது எங்கள் பக்க வழக்கம். திருநீறோ லட்டோ பஞ்சாமிர்தமோ ஏதாவது ஒன்று. எதிர்வீட்டு அம்மா பழக்கத்தில் கையை நீட்டிவிட்டார். எங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அண்ணி உள்ளே போய், கடற்கரையில் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து வைத்திருந்த கிளிஞ்சல்களைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அந்த அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாதான் இருந்துது அங்க?"

அண்ணி வாசலில் நின்று சொல்ல ஆரம்பித்தார். நான் சோறு வடித்து, குழம்பு கூட்டி, மகளைக் குளிக்க வைத்துவிட்டு வந்தேன். இன்னும் ராட்டினத்தைவிட்டே அவர் இறங்கவில்லை.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மைசூருக்குக் கூட்டிப் போனார்கள். பெண்பிள்ளைகளுக்குத் துணையாக யாராவது வேண்டும் என்று தலைமை ஆசிரியை கேட்டபோது அண்ணி வருகிறேன் என்றாராம். எங்களிடம் வந்து அனுமதி கேட்கவில்லை. போகிற நாளை மட்டும் சொன்னார். ஒரு சின்ன ரெக்ஸின் பை வாங்கிவரச் சொன்னார். விடிகாலையில் மாமா அவரை வண்டி ஏற்றிவிடப் போனார். திரும்பி வந்து காப்பி குடிக்கும்போது சொன்னார்:

"டிரைவர் சின்னப் பையன். ஆனா கண்ணு நல்லா இருக்கு, தூங்கியிருக்கான். அங்க போயி வண்டிய நிறுத்திட்டு நீயும் இறங்கிப் பாருடான்னு சொல்லிட்டு வந்தேன்."